பிள்ளை என்னுடையதுதான், ஐயா

அனுப்புநர்: நெட்டுக்குப்பத்துத் தகப்பன் ஒருவன், எண்ணூர், சென்னை-57.
பெறுநர்: வருமான வரித்துறை, ஆயகர் பவன், நுங்கம்பாக்கம்.
பொருள்: என் பையன் என் பையன்தான் என்று மெய்ப்பித்தல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

2024-25ஆம் நிதியாண்டுக் கணக்கு பற்றி எழுதுகிறேன். பிள்ளை பெற்ற சம்பளக்காரனிடம் 1961ஆம் வருஷத்துச் சட்டம் பெரிய மனசோடு நடந்துகொண்டது. அந்த வருஷக் கணக்கில், முதலாளி கல்விப்படி என்று தனியாகக் கொடுத்தால், பிள்ளை ஒன்றுக்கு மாதம் 100 ரூபாய்க்கு வரி இல்லை. விடுதியில் சேர்த்தால் மேலும் 300. இரண்டு பிள்ளை வரைக்கும்தான். மூன்றாவதாகப் பிறக்கிறவன் சொந்தப் பொறுப்பில் பிறந்துகொள்ள வேண்டியது.

வருஷத்துக்கு 1,200 ரூபாய். 20 சதவீத வரிக்காரனுக்கு அதில் மிச்சமாவது 240. செஸ்ஸையும் சேர்த்தால் 250 ரூபாய். இதற்காக, நான் வேலை பார்க்கும் கன்டெய்னர் யார்டின் கணக்குப் பிரிவில் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, பள்ளிக்கூடத்து போனஃபைட் எல்லாம் கேட்டார்கள். கொடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் பையனுடைய இனிஷியல் பெயருக்கு முன்னால் நிற்கிறது. ஆதாரில் பின்னால் நிற்கிறது. என் பான் கார்டிலோ என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயராக உட்கார்ந்துவிட்டது. மூன்றையும் வரிசையாக மேஜையில் பரப்பிப் பார்த்த கிளார்க், இந்தப் பிள்ளைக்குத் தகப்பன் நானா, என் அப்பாவா என்று கேட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். காகிதத்தைப் பார்த்தால் எனக்கே சந்தேகம் வந்தது. நோட்டரியிடம் போய் ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கியதில் உங்கள் 250 ரூபாய் கரைந்தது.

வேறு ஆதாரம் இருக்கிறதா என்றும் அந்தக் கிளார்க் கேட்டார். இருக்கிறது. 2023 டிசம்பர் 26, நள்ளிரவு. பெரியகுப்பத்தில் கடலடி அமோனியாக் குழாய் கசிந்த ராத்திரி. கண் எரிய, மூச்சு அடைக்க, எங்கள் பக்கத்துக் குப்பங்களெல்லாம் இருட்டில் தெருவுக்கு வந்தன. அவனவன் தன் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். யாரும் பிள்ளை மாற்றித் தூக்கியதாகக் கேள்விப்படவில்லை. என் வீட்டில் பிறப்புச் சான்றிதழ் பீரோவில் இருந்தது, பிள்ளை என் தோளில் இருந்தான். இதைச் சொன்னேன். முத்திரை இல்லாததால் ஏற்பதற்கில்லை என்று பதில் வந்தது.

சரி, அந்த நூறை விடுங்கள். பள்ளிக் கட்டணத்தைக் கழிக்கலாம் என்கிறீர்கள். என் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான், கட்டணமே இல்லை. சாயங்கால டியூஷனுக்குக் கொடுக்கிறேன், அது உங்கள் கணக்கில் படிப்பு ஆகாது. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தைக் கழிக்கலாம் என்கிறீர்கள். பனிக்காலம் வந்தால் பையனுக்கு இளைப்பு. மருந்துக்கடைச் சீட்டுதான் என்னிடம் இருக்கிறது, பிரீமியம் இல்லை. நோய்ச் செலவுக்கென்று நீங்கள் தனியாக ஒரு பட்டியல் வைத்திருப்பதையும் பார்த்தேன். புற்றுநோய் உண்டு, எய்ட்ஸ் உண்டு, சிறுநீரகம் செயலிழப்பதும் உண்டு. இளைப்பு இல்லை. அனல் மின் நிலையத்துச் சாம்பல் குழாய்கள் கொசஸ்தலை ஆற்றைக் கடந்து போகும் ஊரில் இருந்து பார்க்கிறவனுக்கு அந்தப் பட்டியல் வேறு மாதிரி தெரியும்.

இப்படி அலைந்தது எல்லாமே பழைய வரி முறையில்தான். 2023-24இலிருந்து, எதுவும் எழுதிக் கொடுக்காதவன் தானாகவே புதிய முறைக்குள் போய்விடுகிறான். அங்கே கல்விப்படிக் கழிவு இல்லை, பள்ளிக் கட்டணம் இல்லை, காப்பீடும் இல்லை. ஒரே கையெழுத்தில் பிள்ளையே இல்லை.

அமெரிக்காவில் 1987ஆம் வருஷக் கணக்கில் இப்படித்தான் சுமார் 70 லட்சம் பிள்ளைகள் காணாமல் போனார்கள். சார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சமூகப் பாதுகாப்பு எண்ணை எழுது என்று அந்த நாட்டு வரித்துறை கேட்டது. பிறக்காத பிள்ளைகளுக்கு எண்ணை எங்கே தேடுவது? அவர்கள் பொய்ப் பிள்ளைகளை ஒழித்தார்கள். நீங்கள் ஆதார் எண்ணோடு கண் முன்னால் நிற்கிற மெய்ப் பிள்ளையை ஒழித்திருக்கிறீர்கள். அவர்களைவிடத் திறமை கூடுதல்தான். இத்தனைக்கும் 1958இல் உங்கள் முன்னோர்கள், மணமானவனின் வரியில்லா வரம்பு 3,000 ரூபாய் என்று வைத்து, ஒரு பிள்ளை இருந்தால் 3,300, இரண்டு இருந்தால் 3,600 என்று உயர்த்தியிருந்தார்கள். அன்றைய 300 ரூபாய்!

இனிதான் நான் எழுத வந்த விஷயம். காசிமேட்டில் மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்ற என் அம்மா, பேரன் பெயரில் கொஞ்சம் பணத்தை டெபாசிட்டில் போட்டிருக்கிறார். ஆயா போட்ட பணத்துக்கு வருஷம் 2,000 ரூபாய் சொச்சம் வட்டி வருகிறது. மைனர் பிள்ளையின் வருமானத்தைத் தாய் தகப்பனில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேர் என்பது சட்டம். ஆகவே அந்த வட்டி என் தலையில். பழைய முறையில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் என்று ஒரு தள்ளுபடியாவது இருந்தது. புதிய முறையில் அதுவும் கிடையாது. வட்டியைச் சேர்ப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதாவது புதிய முறையில் என் பையன் செலவுக்கு இல்லை, வரவுக்கு இருக்கிறான்.

பிள்ளை தன் உடல் உழைப்பாலோ திறமையாலோ சம்பாதித்தால் அது அவனுடைய தனி வருமானம் என்றும் ஒரு விலக்கு வைத்திருக்கிறீர்கள். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவி எடுத்து விற்றால் அவன் தனி ஆள். வீட்டில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினால் என் பிள்ளை. மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து பரவிய அந்த ஆற்றில் பையனை நான் இறக்குவதாக இல்லை. ஆகவே அவன் என் பிள்ளையாகவே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த வட்டியை என் கணக்கில் சேர்த்தபோது யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்கவில்லை. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று பார்க்கவில்லை. தகப்பன் நானா, என் அப்பாவா என்ற கேள்வியே எழவில்லை. 250 ரூபாய் கொடுப்பதற்கு ஐந்து காகிதம் வேண்டியிருக்கிறது, எடுப்பதற்கு என் முகஜாடையே போதுமாக இருக்கிறது.

ஆகவே பணிவோடு கேட்டுக்கொள்வது: இனிமேல் அந்த 2,000 ரூபாய் சொச்சத்தை என் வருமானத்தில் சேர்க்கும் முன், மேற்படி பையன் என் பையன்தான் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழ், ஆதார், ரேஷன் கார்டு, போனஃபைட், நோட்டரி கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம் ஆகியவற்றின் நகல்களைத் துறையின் செலவில் எடுத்து, முத்திரையோடு எனக்கு அனுப்பி வைக்கவும். பெயர்களில் வேறுபாடு இருந்தால் ஏற்பதற்கில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய முறையில் தகப்பன்