மெங்லெம்பு கச்சானும் மகிழ்மதிச் சண்டையும்

வா தம்பி, உக்காரு. பசியாறிட்டியா? கோப்பி வருது. அதுக்குள்ள ஒண்ணு கேக்கறேன். படம் எப்படிடா இருந்துச்சின்னு கேட்டா, "பிளாக் லெவல் சரியில்ல தாத்தா"ங்கறானே, அவனை நீ என்ன பண்ணுவ?

என் பேரன்தான், வேற யாரு. புந்தோங்குல வீடு. மாசாமாசம் தவணை கட்டி 65 அங்குல டிவி ஒண்ணு வாங்கி, கூடத்துச் செவுரே தெரியாம மாட்டி வெச்சிருக்கான். முன்னாடி அந்த எடத்துல சாமி படம் இருந்துச்சி. சாமி இப்ப அடுப்படிக்கு மாறிட்டாரு. போன சனிக்கிழம, "பாகுபலி ரெண்டாம் பாகத்தை நம்ம டிவியில ஒருக்கா பாருங்க, அப்பறம் பேசுங்க"ன்னு என்னையும் என் கெழவியையும் அழைச்சான். கெழவி போற வழியில மெங்லெம்பு கச்சான் ஒரு பொட்டலம் வாங்கிக்கிட்டா. தோலோட இருக்கற கச்சான். படம்னா அவளுக்குக் கைக்கு வேலை வேணும்.

படம் போடறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் பாடம் நடந்துச்சி. எச்டிஆர்னு ஒண்ணு. அட்மோஸ்னு ஒண்ணு. பிட்ரேட்னு ஒண்ணு. நான் தலைய ஆட்டிக்கிட்டே இருந்தேன். தோட்டத்துப் பெரட்டுல, காலை வரிசையில நின்னு, தொரை பேசற இங்கிலீசுக்கு ஆட்டுன தலை இது. பழக்கம் விட்டுப் போவுமா?

படம் ஆரம்பிச்சிச்சி. கெழவி மொத கேள்வியப் போட்டா. "ஏய்யா, இம்மாம் பெரிய டிவி வாங்கிட்டு மேலயும் கீழயும் கறுப்புத் துணி போட்டு மூடி வெச்சிருக்கியே, தூசி படியும்னா?" பேரன் சிரிச்சான். "அது சினிமாஸ்கோப் பாட்டி. படம் அகலம், டிவி உயரம்"னான். அவன் சொன்னது சரி. அவ கேட்டதும் சரி. தவணை முழு டிவிக்கு, படம் முக்கா டிவிக்கு.

அடுத்து நான் வாயத் தொறந்தேன். மதம் பிடிச்ச ஆனை ஓடி வருது. பாகுபலி பெரிய தேரைத் தள்ளிக்கிட்டு வந்து மறிக்கறான். ஈப்போ தியேட்டர்ல 2017-ல இதைப் பாத்தப்ப எனக்குக் கால் தானா பின்னாடி போச்சி. இங்க என்னடான்னா எல்லாம் வழுவழுன்னு ஓடுது. ராஜமாதா சிவகாமி நடந்து வர்றா, கல்யாண மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்க வர்ற அத்தைக்காரி மாதிரி இருக்கா. "தம்பி, இது கல்யாண வீடியோ மாதிரி இருக்கேடா"ன்னேன். "உங்க கண்ணுக்கு 4கே பழக்கமில்ல தாத்தா"ன்னுட்டான்.

நானும் விடல. என் கண்ணு பழசுதான், ஆனா அத்தைக்காரிய அடையாளம் தெரியும். கடைசியில ரிமோட்டை எடுத்து அங்க இங்க தேடினான். டிவிக்குள்ள ஏதோ மோஷன்னு ஒண்ணு போட்டு வெச்சிருக்கு. சினிமாவுக்கு செகண்டுக்கு 24 படம். அது பத்தாதுன்னு டிவியே நடுவுல நடுவுல தன் இஷ்டத்துக்குப் படம் வரைஞ்சி சொருவுதாம். கூலி கேக்காம வேலை செய்யறவன நம்பக் கூடாதுன்னு எங்கப்பன் சொல்லுவாரு. பேரன் அதை நிப்பாட்டினான். அத்தைக்காரி போயிட்டா, ராஜமாதா வந்துட்டா. டிவி வாங்கி மூணு மாசம். பிளாக் லெவல் தெரிஞ்சவனுக்கு இது தெரியல பாரு!

நாங்க எப்படிப் படம் பாத்தோம்னு உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. சுங்கை சிப்புட் பக்கம் பால்மரத் தோட்டம். மாசத்துக்கு ஒரு தடவ படம். லயத்துக்கு முன்னாடி தெடல்ல ரெண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்க. முன்னாடி கிராணி வீட்டு நாற்காலி, அப்பறம் தண்டல் வீட்டுப் பலகை, அப்பறம் எங்க சாக்கு. லேட்டா வந்தவனுக்குத் துணிக்குப் பின்னாடிதான் எடம். பின்னாடி உக்காந்தா எழுத்து எல்லாம் இடவலமா மாறித் தெரியும். வாள் இடது கைக்குப் போயிடும். 'பாதாள பைரவி'ய நான் பின்னாடி உக்காந்துதான் பாத்தேன். எம்.ஜி.ஆர். படமும் அப்படித்தான். எங்க தோட்டத்துல பாதி பேருக்கு அவரு இன்னைக்கும் இடதுகைக்காரரு.

ஒரு தடவ மெஷின்காரன் சுருளை மாத்திப் போட்டுட்டான். செத்த மந்திரவாதி அடுத்த சுருள்ல எழுந்து வந்து அரியணையில உக்காந்துட்டான். யாராச்சும் கத்தினாங்களா? மூச்! என் பக்கத்துல இருந்த ஆயா சொல்லுச்சி, "மந்திரம் தெரிஞ்சவன் சும்மா சாவானா?" அதுதான் தம்பி, மாயாஜாலப் படம் பாக்கற லட்சணம். இப்ப ஒரு முடி கிராபிக்ஸ்ல ஒட்டாம ஆடினா நிறுத்தி, பெருசாக்கி, நாலு பேருக்கு அனுப்பறான்.

அப்பறம் டேப் வந்துச்சி. டேப்புல எல்லாப் படத்துலயும் மழை பெய்யும். பாலைவனத்துலயும் பெய்யும். அப்பறம் விசிடி. ஒரு தட்டுல ஒண்ணேகால் மணி நேரம்தான் அடங்கும், அதனால நம்ம படத்துக்கு ரெண்டு மூணு தட்டு. பாசார் மாலாம்ல வாங்கின செட்டுல மூணாவது தட்டு எப்பவும் கோளாறு. எத்தனை வில்லனுங்க என் வீட்டுல சாகாமலே இருக்கானுங்க தெரியுமா?

திருட்டுத் தட்டைப் பிடிக்க நாய் வந்த கதை கேட்டிருக்கியா? 2007-ல வந்துச்சி தம்பி, ரெண்டு கறுப்பு லாப்ரடோர். லக்கி, ஃப்ளோன்னு பேரு. அமெரிக்க சினிமாக்காரங்க அனுப்பினது. ஜொகூர் பாருவுல மோப்பம் பிடிச்சி லட்சக்கணக்குல தட்டு பிடிச்சிக் குடுத்துச்சிங்க. தட்டுக்காரனுங்க நாய் தலைக்கே விலை வெச்சிட்டானுங்கன்னு பேப்பர்ல போட்டான். ஆனா அதுல ஒரு சங்கதி. நாய்க்குத் தெரிஞ்சது பிளாஸ்டிக்கு வாசனை மட்டும்தான். அசல் தட்டும் அதே வாசனை, திருட்டுத் தட்டும் அதே வாசனை. எது எதுன்னு பிரிக்க மனுசன்தான் வரணும். கழுதைக்குக் கற்பூர வாசனை தெரியாதுன்னு பழமொழி சொன்னவன் இந்த நாய்களப் பாக்கல. என் பேரன் தட்டைப் பத்திப் பேசறப்ப எல்லாம் எனக்கு லக்கி ஞாபகம் வரும். சொல்லிடாத அவன்கிட்ட.

பிட்ரேட்டு எனக்குப் புரியாதுன்னு நெனச்சிட்டான் பாரு, அதுதான் சிரிப்பு. செகண்டுக்கு 24 படம்னேனே, விசிடியில அதுல ஒரு படத்துக்கு ஒரு லட்சம் புள்ளி. 4கே-யில 83 லட்சம். ஆனா புள்ளி எண்ணிக்கை வாளி அளவுதான். நாங்க பால் வெட்டி ஸ்டோருக்குக் கொண்டாந்தா கிராணி வாளிய மட்டுமா பாப்பாரு? சில பேரு பாலுல தண்ணி ஊத்திக் கொண்டாருவாங்க, வாளி நெறைஞ்சிருக்கும். கிராணி பாலோட அடர்த்தி பாக்கற மெட்ரோலேக்கை உள்ள முக்குவாரு. நல்ல பாலுன்னா 100-க்கு 30, 35 ரப்பர் இருக்கும். மிச்சம் தண்ணி. அந்தக் கணக்குக்குத்தான் கூலி. நெட்டுல வர்ற 4கே-க்கு செகண்டுக்கு 15 மெகாபிட் போதும்னு சொல்றான். அதே 4கே தட்டுல 100-க்கு மேலயும் போவும். வாளி ஒண்ணு, ரப்பரு வேற. இதைச் சொன்னதும் பேரன் என்னை ஒரு மாதிரி பாத்தான். "தாத்தா, இதை யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" யாரு சொல்லிக் குடுக்கணும்? முப்பது வருசம் வாளி தூக்குனவன்டா நானு.

சரி, ரெண்டாம் பாகத்துக்கு வருவோம். ரெண்டாம் பாகம்னா என்ன? நேத்து வெட்டுன கோட்டுக்குக் கீழ இன்னைக்கு உளி வெக்கறது. மெல்லிசா சீவணும். விட்ட எடத்துல சரியா விழணும். ஆசைப்பட்டு ஆழமா போனா கட்டையில காயம், அப்பறம் பட்டை வளராது. எம்.ஜி.ஆரு 1973-ல 'உலகம் சுற்றும் வாலிபன்' முடிவுல, அடுத்து 'கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு'ன்னு எழுத்துப் போட்டாரு. நாலு வருசத்துல முதலமைச்சராயிட்டாரு. ராஜு இன்னும் ஆப்பிரிக்கா போய்ச் சேரல. நான் காத்துக்கிட்டுதான் இருக்கேன்.

பாகுபலி எடுத்த ராஜமௌலி சொன்ன சொல்லக் காப்பாத்தினாரு, அதுக்கே ஒரு கும்பிடு. மொத பாகம் 2015 ஜூலை 10. அரண்மனை விசுவாசி கட்டப்பா, பாகுபலி முதுகுல கத்திய எறக்கறதோட நிப்பாட்டிட்டாரு. ரெண்டாம் பாகம் 2017 ஏப்ரல் 28. ஒண்ணே முக்கா வருசம் ஊரெல்லாம் ஒரே கேள்வி, கட்டப்பா ஏன் கொன்னாரு? கோப்பிக் கடையில அதே பேச்சு. சாவு வீட்டுல பொணத்தை வெச்சிக்கிட்டு அதே பேச்சு. படிச்ச பிள்ளைங்க ஆளுக்கொரு கதை கட்டினாங்க. இரட்டைப் பிறவிங்கறான் ஒருத்தன், மந்திரம்ங்கறான் இன்னொருத்தன்.

தோட்டத்துல பொறந்தவனுக்கு இது ஒரு கேள்வியா தம்பி? மேல இருக்கறவங்க சொன்னாங்க, செஞ்சாரு. எங்க கங்காணிக்கு எங்க மேல பாசம் இல்லையா? எங்கம்மா பிரசவத்துக்கு ராத்திரியில டவுனுக்கு ஆளு அனுப்பினவரே அவருதான். அதே மனுசன், தொரை சொன்னாருன்னு மறு மாசம் எங்க மாமா வீட்டுச் சாமான வெளிய எடுத்து வெச்சாரு. கண்ணுல தண்ணி வந்துச்சி அவருக்கு. சாமானும் வெளிய வந்துச்சி. "நீ செய்யலன்னா நானே செய்யறேன்"ங்கற மாதிரி ராஜமாதா கட்டப்பாவை மடக்கறா பாரு, அந்த எடத்துல கட்டப்பாவா நடிச்ச சத்யராஜ் மூஞ்சியப் பாத்தேன். எங்க கங்காணி மூஞ்சிடா அது. அதுக்கு எந்த எச்டிஆரும் வேணாம். மழை பெய்யற டேப்புலயும் தெரியும் அந்த மூஞ்சி.

அதுவரைக்கும் படத்துல உளி சரியா விழுந்திருக்கு. பாகுபலி பொண்டாட்டி தேவசேனை ஊரு குந்தள தேசம், அங்க நடக்கற கூத்து கொஞ்சம் நீளம். அன்னக் கப்பல் மேகத்துல பறக்கறது எனக்குச் சம்மதம்தான், பாட்டுன்னா கப்பல் பறக்கட்டுமே. தேவசேனையைச் சங்கிலி போட்டு சபைக்குக் கொண்டாராங்களே, பொம்பளைங்க மேல கை வெச்சவன் விரலை வெட்டினதுக்காக? பாகுபலி கேட்டுட்டு, விரலை வெட்டினது தப்புதான்னு அவன் தலையவே சீவிடறான். ஈப்போ தியேட்டர்ல அன்னைக்கு சீழ்க்கை அடங்க ரெண்டு நிமிசம் ஆச்சி. கெழவி எழுந்தே நின்னுட்டா.

மகன் பாகுபலி வந்ததும்தான் எனக்குக் கொட்டாவி வருது. அப்பனுக்குக் கதை குடுத்தாங்க, மகனுக்குச் சண்டை மட்டும் குடுத்தாங்க. அதுலயும் அந்தப் பனை மரம்! மரத்தை வளைச்சி, கேடயத்தைச் சுத்திப் பிடிச்சி, ஆளுங்க உருண்டையா மகிழ்மதிக் கோட்டைக்குள்ள பறந்து விழறாங்க. மாயாஜாலத்துல நான் கணக்குக் கேக்க மாட்டேன், செத்தவன் எழுந்தப்பவே கேக்காதவன். ஆனா பால்மரத்தை அழிச்சிட்டுச் செம்பனை போட்ட காலத்துலேருந்து பனைக்குக் கீழயே கெடந்தவன்டா நானு. ஒரு தடவையாச்சும் ஒரு மரம் என்னைத் தூக்கிப் போட்டிருந்தா ஸ்டோருக்கு நடக்கற நடை மிச்சமாயிருக்குமே!

இதுக்கு மேல, 2025 அக்டோபர் 31-ல ரெண்டு பாகத்தையும் வெட்டி ஒட்டி 'பாகுபலி: தி எபிக்'னு ஒரே படமா விட்டாங்க. மூணே முக்கா மணி நேரம். ஒரு வேட்டியைக் கிழிச்சி ரெண்டு துண்டா வித்தான். இப்ப ரெண்டு துண்டையும் தெச்சி வேட்டின்னு விக்கறான். "இதுல எது தாத்தா அசல்?"னு பேரன் கேக்கறான். ரஜினியோட 'கபாலி' நம்ம நாட்டுல ஓடினப்ப, கடைசியில கபாலி போலீசுல சரணடைஞ்சிட்டாருன்னு எழுத்துப் போட்டு முடிச்சாங்களே, எங்களுக்கு அதுதான் அசல். தமிழ்நாட்டுக்காரனுக்கு வேற. தெரிஞ்சிதா?

படம் முடிஞ்சிச்சி. பேரன் போனை எடுத்து வெச்சிக்கிட்டு, "அஞ்சுக்கு எத்தனை ஸ்டார் தாத்தா? படத்துக்குத் தனியா, பிக்சர் குவாலிட்டிக்குத் தனியா"ங்கறான். பாட்டிகிட்ட கேளுன்னேன். அவ நாற்காலியிலயே தூங்கிட்டா.

காலையில நான்தான் கூடத்தைக் கூட்டினேன். பேரனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவ நாற்காலிக்கு இடது பக்கம் கச்சான் தோலு அஞ்சாறு. அது ஆனை வந்த நேரம். கப்பல் பறந்தப்ப ஒரு கைப்பிடி. சபையில விரலை வெட்டின கதை வந்தப்ப ஒண்ணுகூட இல்ல. கட்டப்பா கத்திய எடுத்தப்ப உரிச்ச கச்சான் ரெண்டு, தின்னாம நாற்காலிக் கைப்பிடியில அப்படியே கெடக்கு. காலடியில ஒரு குவியல், முழங்கால் உசரத்துக்கு இல்லாட்டியும் செருப்பு மறையற அளவுக்கு இருக்கும். அது கடைசிச் சண்டை.

பேரன் குனிஞ்சி பாத்துக்கிட்டே நின்னான். "இதை எப்படி தாத்தா ஸ்டார்ல போடறது?"ன்னான்.

தொடைப்பத்தை அவன் கையில குடுத்துட்டு கோப்பி குடிக்க வந்துட்டேன். இந்தா, உன் கோப்பியும் ஆறுது பாரு.