சாப்பிடுதே, அப்புறம் என்ன?

பூனைக்கு ஏசி அறையில் மெத்தை, இறக்குமதித் தீனி, நகம் பிறாண்ட ஒரு தூண், பிறந்தநாளுக்கு டூனா கேக், இன்ஸ்டாகிராமில் தனிக் கணக்கு என்று கை கூசாமல் செலவழிக்கும் பூனையப்பா ஒருவர் இப்போது சென்னையில் தெருவுக்குத் தெரு இருக்கிறார். “நாலு பல்லு பிடுங்கணும் சார்” என்று டாக்டர் சொன்ன மாத்திரத்தில் அவர் சிக்கனத்தின் திருவுருவம் ஆகிவிடுவார். எஸ்டிமேட் சீட்டில் ரத்தப் பரிசோதனை, மயக்க மருந்து, எக்ஸ்ரே, ஸ்கேலிங் என்று வரிசையாக இறங்கிவரும் விரல் மறுபடி மேலேறி முதல் வரியில் நிற்கும். “பல்லுக்கு எதுக்கு டாக்டர் ரத்தம்?” பதில் வருவதற்குள் சீட்டு நாலாக மடிந்து சட்டைப்பைக்குள் போயிருக்கும். “வீட்ல ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடறேன்.” வீட்டில் யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை; அதனால்தான் அங்கே கேட்பதும் இல்லை.

இவரைக் கஞ்சர் என்று சொன்னால் அது அநியாயம். மெத்தையில் பூனை லியோ புரள்வது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, காசு கொடுக்கிறார். வலி தெரியவில்லை, கொடுக்கவில்லை. வலி இருக்கிறதா என்று பார்க்க அவரிடம் இருப்பது ஒரே ஒரு சோதனைதான்: சாப்பிடுதே, அப்புறம் என்ன? அந்தச் சோதனைதான் கோளாறு. பூனை எலியைப் பிடிக்கும். தன்னைவிடப் பெரிய மிருகத்திடம் தானும் மாட்டும். அதனால் நோவை வெளியே காட்டாமல் இருப்பது அதன் பிறவிக் குணம், பசி வேறு விடாது. முப்பது பல்லில் பத்து கெட்டுப்போனாலும் கிண்ணத்துக்கு வந்துவிடும். ஆனால் தலையை ஒரு பக்கம் சாய்த்து மெல்லும், வாயில் எடுத்த தீனியைக் கீழே போட்டு மறுபடி எடுக்கும், முதுகை நக்குவதைக் குறைத்துக்கொள்ளும். இதற்கெல்லாம் பூனையப்பாவிடம் விளக்கம் தயார். தீனி கீழே விழுந்தால் “இந்த பிராண்டு அவனுக்கு போரடிச்சிடுச்சு”, வாய் நாறினால் “மீன் தின்னா மீன் வாடைதானே அடிக்கும்?” வாய் நாற்றம் ஈறு நோயின் முக்கியமான அறிகுறி என்பதை மட்டும் அவரிடம் யாரும் சொல்லிவிடக் கூடாது.

“நான் சாக்லேட்டே குடுக்கறதில்லையே!” என்பது அடுத்த வாதம். பூனைக்கு இனிப்பே தெரியாது. நமக்கு வருவது போன்ற சர்க்கரைச் சொத்தையும் அதற்கு வருவதில்லை. அதற்கு வருவது வேறு: செல்லரித்த தூண் மாதிரி, உடம்பே தன் பல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும் ஒரு நோய். வயது ஏற ஏற இது அதிகம். வெளியே ஈறோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி, மீதி சேதமெல்லாம் ஈறுக்குக் கீழே. சீட்டில் எக்ஸ்ரே இருப்பது அதற்காக. இதுவரை இதற்குத் தடுப்பு மருந்தும் கிடையாது. அதனால் குற்றவாளி யார் என்று தேடுவதை விட்டுவிட்டுப் பல்லைக் கவனிக்கலாம்.

“சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட் பூனைக்கெல்லாம் யார் பல்லு பாக்கறா?” நல்ல கேள்விதான். தெருப் பூனைக்குப் பல் போகும் வயது வருவதற்குள் பெரும்பாலும் ஆயுசே முடிந்துவிடுகிறது. பதினைந்து வருஷம் உட்கார வைத்துச் சோறு போடுகிறவருக்குத்தான் இந்தத் தொல்லை. அடுத்தது மயக்க மருந்துப் பயம்; அது அப்படித் தள்ளிவிடக் கூடியதல்ல. 2008இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்றில், திடமாக இருந்த பூனைகளில் மயக்கத்தோடு தொடர்புடைய சாவு சுமார் 900க்கு ஒன்று. நோயுற்றவற்றில் ஏறக்குறைய 70க்கு ஒன்று. பயப்படுகிறவர் இரண்டாவது எண்ணையும் படிக்க வேண்டும். ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்’ என்று தள்ளத் தள்ள பூனை முதல் கணக்கிலிருந்து இரண்டாவதற்கு நகர்கிறது. தன் பூனை எந்தக் கணக்கில் நிற்கிறது என்று சொல்வதுதான் அந்த முதல் வரி ரத்தப் பரிசோதனை.

பணம் நிஜமாகவே இல்லாதவர் உண்டு. ஜூன் மாதம் பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டியவரிடம் பூனையின் கடைவாய்ப் பல்லைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எனக்கு மனசில்லை. ஆனால் சீட்டில் இருப்பது எல்லாமே ஒரே அவசரம் இல்லை. வலிக்கிற பல்லை முதலில் எடுத்துவிட்டு, பளபளப்பை அப்புறம் பார்க்கலாமா என்று டாக்டரிடமே கேட்கலாம். 1903லிருந்து இயங்கும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் செலவு தனியார் கிளினிக்கைவிடக் குறைவு. காத்திருக்க மட்டும் தெரிய வேண்டும். மயக்கமே இல்லாமல் பல்லைச் சுரண்டிவிடும் மலிவு வேலை பார்வைக்கு மட்டும்தான். ஈறுக்குக் கீழே அது போகாது. அதைவிட ஆபத்து, காசு மிச்சம் என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலைப் பொடித்துக் கொடுப்பது. அந்த மாத்திரை பூனையைக் கொன்றே விடும்.

கடைசியாக ஒரு கவலை மிஞ்சும்: “எல்லாத்தையும் பிடுங்கிட்டா எதை வச்சு சார் தின்னும்?” பூனை நம்மைப் போல அரைத்துத் தின்னும் பிராணி அல்ல, அதன் கடைவாய்ப் பல் கத்தரிக்கத்தான் செய்யும், பாதித் தீனி அப்படியே உள்ளே போகிறது. வாய் முழுக்கப் புண்ணாகும் நோய்க்குப் பல் அனைத்தையும் எடுத்த பூனைகளில் பெரும்பாலானவை முன்னைவிடத் தெம்பாக வளைய வருகின்றன. இந்தக் கட்டத்தைத் தாண்டிய பூனையப்பாவோ அடுத்த மாதமே அப்பார்ட்மென்டின் பல் டாக்டர். லிஃப்ட்டில் கூடையோடு யார் ஏறினாலும் நிறுத்தி, “ஈறு செவந்திருக்கான்னு பாத்தீங்களா? யோசிக்காம எக்ஸ்ரே எடுத்துடுங்க” என்பார். சொல்லும்போது ஒரு கை கன்னத்தில் இருக்கும். அவருடைய சொந்தக் கடைவாய்ப் பல்லுக்குக் கிராம்பு போதுமாம்.