பெப்சி கோப்பைக்கு நூற்றுக்கு நூறு

1985 ஜூலை 13. லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் சாயங்காலம் ஏழு மணி ஆகக் கொஞ்ச நேரம் இருந்தது. மேடையில் நின்ற பியானோவின் மேல் பெப்சி ஊற்றிய காகிதக் கோப்பைகளும் பியர்க் கோப்பைகளும் இருந்தன. எத்தியோப்பியப் பஞ்சத்துக்கு நிதி திரட்டிய லைவ் எய்ட் கச்சேரி அது. எதிரே 72,000 பேர். வெள்ளைப் பனியனும் வெளிறிய ஜீன்ஸுமாகக் குயீன் குழுவின் ஃபிரெடி மெர்க்குரி ஓடிவந்து பியானோ முன் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் கோப்பைகளை யார் பார்த்திருப்பார்கள்?

'போஹீமியன் ராப்சடி' படம் எடுத்தவர்கள் பார்த்திருக்கிறார்கள். 2017இல் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பாவிங்டன் என்ற பழைய விமானத்தளத்தில் வெம்ப்ளி மேடையை அப்படியே எழுப்பி, பியானோவை வைத்து, அதன் மேல் கோப்பைகளையும் வைத்தார்கள். கச்சேரியின் அசல் பதிவையும் படத்தின் கடைசிப் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பல இரவுகள் பார்த்திருக்கிறேன். கோப்பைக்குக் கோப்பை பொருந்துகிறது. ஃபிரெடியாக நடித்த ராமி மாலெக் மைக்கைச் சுழற்றுவதும், முஷ்டியை உயர்த்துவதும், பியானோவை விட்டு எழுந்து ஓடுவதும் அசலோடு ஒட்டியே போகின்றன. இந்தப் படத்தைப் பாராட்ட உட்கார்ந்தால் அந்தக் கோப்பைகளிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒரு காகிதக் கோப்பைக்கு இவ்வளவு விசுவாசமாக இருந்த வாழ்க்கை வரலாற்றுப் படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

மாலெக்கின் உழைப்பும் அப்படித்தான். ஃபிரெடிக்கு வாயில் நான்கு பற்கள் கூடுதல். அவற்றை எடுத்தால் குரல் கெட்டுவிடுமோ என்று பயந்து கடைசிவரை கைவைக்க விடவில்லை. மேலுதட்டை இழுத்துப் பல்லை மூடிக்கொள்வது அவருக்குப் பழக்கம். பொய்ப்பல் கட்டிக்கொண்ட மாலெக், வசனமே இல்லாமல் ஓரமாக நிற்கும் இடத்தில்கூட அந்த உதட்டை இழுக்கிறார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கார் அவருக்குப் போனதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதோடு சேர்த்துப் படத்துக்கு நான்கு ஆஸ்கார், அந்த வருடம் வேறெந்தப் படமும் வாங்காத எண்ணிக்கை. வசூல் 90 கோடி டாலருக்கு மேல்.

நான்கில் ஒன்று படத்தொகுப்புக்கு. இயக்குநர் பிரையன் சிங்கரைப் பாதியில் நீக்கிவிட்டார்கள். டெக்ஸ்டர் ஃபிளெட்சர் வந்து மீதியை முடித்தார். இரண்டு கைப்பட்ட துணியை ஒரே சட்டையாகத் தைத்த ஜான் ஆட்மனுக்கு அந்தப் பரிசு தகும். மேனேஜரைச் சந்திக்கும் காட்சியில், மேசையைச் சுற்றி உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பவர்களின் முகங்கள் ஒரு வாக்கியம் முடியும் முன் நாலைந்து முறை மாறுகின்றன. தைத்தவர் பட்ட பாடு ஒவ்வொரு தையலிலும் தெரிகிறது.

ராக்ஃபீல்டு காட்சிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படத்தில் எனக்கு உண்மையிலேயே பிடித்த இடம் அது. 1975இல் வேல்ஸ் நாட்டுப்புறத்தில், மாட்டுப்பண்ணைக்கு நடுவே இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில்தான் 'போஹீமியன் ராப்சடி' பாட்டின் வேலை தொடங்கியது. நடுவில் வரும் ஆபரா பகுதிக்கு மட்டும் மூன்று வாரம் போனது. குரல் மேல் குரலாக ஏற்றி ஏற்றி, கடைசியில் நாடாவை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிட்டது. உச்சக் குரல் குழுவின் ரோஜர் டெய்லருடையது. 'இன்னும் மேலே, இன்னும் மேலே' என்று ஃபிரெடி விரட்ட, டெய்லர் கத்திக் களைத்துப்போவதைப் படம் அழகாகக் காட்டுகிறது. ஒரு பாட்டு எப்படிக் கை வேலையாகச் செய்யப்படுகிறது என்று சினிமா காட்டுவது அபூர்வம். இங்கே சில நிமிடம் காட்டியிருக்கிறார்கள். அதற்கப்புறம் அந்த வேலைக்கூடத்துக்குள் அவ்வளவு நேரம் நம்மை நிற்க விடவில்லை.

கோப்பையை இவ்வளவு சரியாக வைத்தவர்களுக்கு நாள் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. குழுவின் பிரையன் மேயும் டெய்லருமே படத்தின் இசைக்குப் பொறுப்பேற்றிருந்தார்கள். குழுவின் மேனேஜர் ஜிம் பீச் தயாரிப்பாளர்களில் ஒருவர். எந்த வருடம் எந்தப் பாட்டு, எந்த ஊர், யார் மீசை வைத்திருந்தார் என்று அவர்களைவிட அறிந்தவர் உலகத்தில் இல்லை. அதனால் படத்தில் 1978ஆம் வருடத்துப் பாட்டை 1974ஆம் வருடத்து அமெரிக்கப் பயணத்தில் பாடும்போது, அது மறதி அல்ல. 1977இல் வந்த 'வீ வில் ராக் யூ'வை, மீசை வைத்த ஃபிரெடி 1980இல் முதல்முறையாகக் கேட்பதுபோல வருவதும் மறதி அல்ல. எல்லாம் தெரிந்தவர்கள் யோசித்து மாற்றியது. சின்ன மாற்றங்களை விடலாம். ஒரு பாட்டு நாலு வருடம் முன்னே பின்னே போனால் உலகம் கவிழாது.

நட்பை இந்தப் படம் காப்பாற்றியிருக்கும் விதம் வேறு சங்கதி. படம் முழுக்க மேயும் டெய்லரும் குழுவின் நாலாவது ஆளான டீக்கனும் ஒரு தப்புக்கூடச் செய்வதில்லை. ஃபிரெடி வீட்டு விருந்தில் கூத்து எல்லை மீறும்போது மூவரும் முகம் சுளித்து மனைவிமாரோடு எழுந்து போகிறார்கள். பிறகு ஃபிரெடி தனியாக ஆல்பம் போட ஒப்பந்தம் செய்துகொண்டதாகச் சொல்கிறார். மற்றவர்கள் முகம் கருக்கிறது, குழு உடைகிறது. கூட்டுக்குடும்பத்தில் மூத்தவன் தனிக்குடித்தனம் போகிறேன் என்றால் திண்ணையில் எழும் மௌனம் அந்தக் காட்சியில் இருக்கிறது. ரத்தமும் சதையுமாக எடுத்திருக்கிறார்கள்.

நிஜத்தில் டெய்லரின் தனி ஆல்பம் 1981இல் வந்துவிட்டது, இரண்டாவது 1984இல். மேயின் தனி முயற்சி 1983. ஃபிரெடியின் 'மிஸ்டர் பேட் கை' வந்தது 1985 ஏப்ரலில், அவர்கள் இருவருக்கும் பின்னால். குழு உடையவும் இல்லை: 1984இல் 'தி வொர்க்ஸ்' ஆல்பம் போட்டு, ஊர் ஊராகச் சுற்றி, 1985 மே மாதம் ஜப்பானில் பாடிவிட்டுத்தான் வெம்ப்ளிக்கு வந்தார்கள். இடையில் இரண்டு மாதம். படத்திலோ அவர்கள் ஒன்றாகப் பாடி வருடக்கணக்காகிவிட்டது. ஃபிரெடி வந்து மன்னிப்புக் கேட்கிறார். பேச்சுக்கு நடுவில் மே அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்கிறார். எதற்கு என்று டெய்லர் கேட்டால், சும்மா தோன்றியது என்கிறார். அந்த மூடிய கதவும், நடைவழியில் காத்திருக்கும் ஃபிரெடியும் என் கண்ணைவிட்டு அகலவில்லை. உயிரோடிருக்கும் நண்பர்களை இப்படிப் பத்திரமாகப் பார்த்துக்கொண்ட படம் இது. படம் வருவதற்கு இருபத்தேழு வருடம் முன் செத்துப்போனவர் வந்து 'எனக்கு முன்னால் நீங்கள் போட்டீர்களே' என்று கேட்கப் போவதில்லை.

என் அக்கா மகள் குயீன் பாட்டுகளைக் கேட்கத் தொடங்கியது இந்தப் படத்தால்தான். அந்த நன்றி எனக்கு என்றைக்கும் உண்டு. பள்ளிக்கூடம் விட்டு வந்து காதில் மாட்டிக்கொண்டு சுற்றுவாள். ஒருநாள் அவளுக்கு வெம்ப்ளியின் அசல் பதிவைப் போட்டுக் காட்டினேன். பாதியில் கண் கலங்கிச் சொன்னாள்: "எய்ட்ஸ் வந்தது தெரிஞ்சதாலதானே மாமா அவரு இப்படிப் பாடுறாரு?"

தெரியாதம்மா, அவருக்கு அன்றைக்கு அது தெரியாது என்றேன். அவள் நம்பவில்லை. படத்தில் வருகிறதே என்றாள்.

படத்தில் வருகிறது. ஒத்திகை இடைவேளையில் ஃபிரெடி மற்ற மூவரிடமும் தன் நோயைச் சொல்கிறார், அவர்கள் அணைத்துக்கொள்கிறார்கள், பிறகு வெம்ப்ளி. கடைசிவரை அவரோடு வாழ்ந்த ஜிம் ஹட்டன் எழுதியிருப்பதன்படி நோய் உறுதியானது 1987இல், அதாவது வெம்ப்ளிக்கு இரண்டு வருடம் கழித்து. திரைக்கதைக்கு அது தாமதம். ஆகவே நோயை முன்னுக்கு இழுத்து வந்து கச்சேரிக்கு வாசலில் நிறுத்திவிட்டார்கள். இழுத்ததும் எல்லாம் இடத்தில் விழுகிறது: கெட்ட சகவாசம், இரவு விடுதிகள், குழுவைப் பிரிந்த பாவம், இருமலில் ரத்தம், மழையில் நனைந்து கெட்ட நண்பனை விரட்டுவது, திரும்பி வந்து தலை குனிவது, நோயைச் சொல்லி அழுவது, மேடை ஏறி உயிர்ப்பது. ஒரு பிசிறு இல்லை. அரங்கில் என் முன்வரிசையில் இருந்தவர்கள் விசும்பினார்கள். நானும் அழுதேன். அழவைக்கத் தெரிந்தவர்கள் எடுத்த படம்.

அழுதபின் வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் வயிறு எரிந்தது. எண்பதுகளில் இந்த நோய் வந்தவர்களைப் பார்த்து, நடத்தைக்குக் கிடைத்த தண்டனை என்று வெளிப்படையாகப் பேசினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் எத்தனையோ பேர் வாய்திறக்காமல் செத்தார்கள். ஃபிரெடியே தன் நோயை உலகத்துக்கு அறிவித்தது 1991 நவம்பர் 23, மறுநாள் இறந்தார். நடத்தைக்குத் தண்டனை என்ற அதே கணக்கை இந்தப் படம், ஒரு கடுஞ்சொல்லும் இல்லாமல், கண்ணீரோடும் இசையோடும், குழந்தைகளுக்கும் புரியும்படி சொல்லித் தருகிறது. என் அக்கா மகளுக்குப் புரிந்திருக்கிறது.

வெம்ப்ளியில் அன்று நடந்தது என்ன? பதினைந்து வருடம் கல்லூரி அரங்குகளிலும் மைதானங்களிலும் பாடிப் பழகிய நால்வர், லண்டன் ஷா தியேட்டரில் நாள்கணக்கில் ஒத்திகை பார்த்து, எந்தப் பாட்டில் எத்தனை வரி வெட்டலாம், எதை எதோடு ஒட்டலாம் என்று நேரம் அளந்து தயாராகி வந்தார்கள். அது அவர்களுடைய ரசிகர்கள் மட்டும் கூடிய கூட்டம் அல்ல. இடைவெளி விட்டால் கூட்டம் கைநழுவும் என்று தெரிந்து பாட்டுக்குப் பாட்டு மூச்சுவிடாமல் போனார்கள். நடுவில் வாத்தியங்களை நிறுத்தி, வெறும் குரலை வீசி, 72,000 பேரைத் திருப்பிப் பாடவைத்தார் ஃபிரெடி. தொழில் தெரிந்த ஆளின் உச்சம் அது. அவருக்கு வயது 38, நன்றாக இருந்தார், சந்தோஷமாகப் பாடினார். அந்த இருபத்தொரு நிமிடத்தை அவர் உழைத்துச் சம்பாதித்தார். படம் அதை அவரிடமிருந்து வாங்கி நோயின் கணக்கில் வரவு வைத்துவிட்டது. கோப்பைகளை மட்டும் இடம் மாற்றவில்லை.

பிறப்பையும் வளர்ப்பையும் படம் சிக்கனமாக முடித்துக்கொண்டது. சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த ஃபாரூக் புல்சாரா, எட்டு வயதில் பம்பாய்க்குப் பக்கத்துப் பஞ்ச்கனிக்கு விடுதிப் படிப்புக்கு அனுப்பப்பட்டு, அங்கேதான் பியானோ பழகி, அங்கேதான் முதல் குழுவில் வாசித்தார். அம்மா அப்பாவைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு மலையூரில் பியானோ முன் உட்கார்ந்த அந்தப் பையனுக்குப் படத்தில் ஒரு காட்சி இல்லை. அப்பாவின் ஜொராஸ்ட்ரிய அறிவுரை தொடக்கத்தில் ஒருமுறை, சமாதானமாகும்போது ஒருமுறை. அவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார்கள்.

படம் வெம்ப்ளியோடு முடிகிறது. அதன் பிறகு ஃபிரெடி வாழ்ந்த ஆறு வருடமும் எழுத்தில் நாலு வரியாக ஓடிவிடுகிறது. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விடப் பாராட்டுகிறேன். அதியமானுக்காகத் தூது போன அவ்வை, தொண்டைமானின் ஆயுதச்சாலையில் பளபளத்த வேல்களை மெச்சிவிட்டு, அதியமானுடைய வேல்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம். ஃபிரெடியின் அந்த ஆறு வருடமும் கொல்லன் பட்டறை. படம் அந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் பூசி, வரிசைப்படுத்தி வைத்திருப்பார்கள். வராததால் எல்லாம் போட்டது போட்டபடி கிடக்கிறது, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். 1986 ஆகஸ்டில் நெப்வொர்த்தில் நடந்த கடைசிக் கச்சேரி இருக்கிறது. ஆபராப் பாடகி மொன்செராட் கபாயேவோடு சேர்ந்து செய்த 'பார்சலோனா' இருக்கிறது. 1991 மே மாதம் எடுத்த காணொளியில், பூனைப் படங்கள் வரைந்த மேற்சட்டைக்குள் உடம்பு இத்தனூண்டாக இளைத்து நின்று, அவர் நேராகக் கேமராவைப் பார்க்கிறார்.

அதே மே மாதம் சுவிட்சர்லாந்தில் மாந்த்ரோ ஏரிக்கரையில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் 'மதர் லவ்' பாட்டைப் பதிவு செய்தார்கள். நிற்கவே முடியாதவர் நின்று பாடினார். ஒவ்வொரு சரணமாகப் பாடிவிட்டு, இன்றைக்கு இது போதும், ஓய்வெடுத்துவிட்டு வந்து மீதியை முடிக்கிறேன் என்று போனார். திரும்பி வரவில்லை. 1995இல் வெளிவந்த அந்தப் பதிவில் கடைசிச் சரணம் பிரையன் மேயின் குரலில் இருக்கிறது.