பத்து நிமிடத்தில் மல்லிகை

பெங்களூருவில் இப்போது பத்து நிமிடத்தில் பூ வீடு தேடி வருகிறது. செயலியைத் தட்டினால் போதும், பிளாஸ்டிக் டப்பாவில் கிராம் கணக்கில் சாமந்தி. அடுக்குமாடி மாமிகளுக்கு இதில் ஒரே மனக்குறை, பேரம் பேச ஆளில்லை என்பது. "கொசுறு எங்கேப்பா?" என்றால் வந்த பையன் ஓ.டி.பி. கேட்கிறான்.

ஊர்க்காரர்கள் இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசிக்கொள்கிறார்கள். 1537இல் கெம்பே கௌடா மண்கோட்டை கட்டி எழுப்பிய ஊர் இது. இங்கே பூ போய்ச் சேருவதிலேயே கடினமான காரியம் சித்திரைப் பௌர்ணமி இரவில் நடக்கிறது. நகரத்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து திகளர் சமூகத்துப் பூசாரி பெண்கோலத்தில் புறப்படுவார். மல்லிகை கோபுரமாய் மூடிய கரகம் தலையில்; கை அதைத் தொடக்கூடாது. பழைய பேட்டைத் தெருக்களில் விடிய விடிய நடை. கூடவே உருவிய வாளுடன் வீரகுமாரர்கள். கரகம் சரிந்தால் அந்த வாள்கள் அவர்மேல் பாயும் என்பது ஐதீகம். தாமதத்துக்கு மன்னிப்புக் குறுஞ்செய்தி அனுப்புகிற நிறுவனங்கள் இந்த ஏற்பாட்டை யோசிக்கலாம். வழியில் மஸ்தான் சாகிப் தர்காவிலும் கரகம் நின்றுதான் போகும்.

திகளர்களின் பூர்வீகம் தமிழ்நாடு என்பார்கள். தோட்டவேலையில் தேர்ந்தவர்கள். இதைக் கேட்டுச் சட்டைக் காலரைத் தூக்கிவிடும் தமிழருக்கு ஓசூரும் இருக்கிறது. காதலர் தினத்துக்கு வெளிநாடு பறக்கும் 'தாஜ்மஹால்' ரோஜா பூப்பது அங்கே, விமானம் ஏறுவது பெங்களூருவில். காவிரிக்காக நீதிமன்றப் படியேறிய இரு மாநிலங்களும் ரோஜா விஷயத்தில் மட்டும் வாயே திறப்பதில்லை!

பெங்களூருவின் ஹெப்பாளில் பன்னாட்டு மலர் ஏல மையமும் இருக்கிறது. முறை ஹாலந்துக்காரர்களுடையது: விலை உச்சத்தில் தொடங்கி இறங்கிக்கொண்டே வரும், முதலில் பொத்தானை அமுக்குகிறவருக்குப் பூ. இதற்கு ஹாலந்து வரை போயிருக்க வேண்டாம். கே.ஆர். மார்க்கெட்டில் விலையைக் கேட்டுவிட்டு நாலடி நடந்து பாருங்கள். முதுகுக்குப் பின்னால் அதே விலை தானாக இறங்கும்.

அந்த மார்க்கெட் இருக்கும் இடம் ஒருகாலத்தில் சித்திகட்டே என்ற குளம். 1791இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை கோட்டையைப் பிடிக்க முட்டிமோதியதும் இந்த வட்டாரத்தில்தான். 1928இல் மார்க்கெட் வந்து, மைசூர் மகாராஜா கிருஷ்ணராஜேந்திரர் பெயரைப் பெற்றது. முட்டிமோதல் மட்டும் நிற்கவில்லை. விடியுமுன்னே மூட்டை மூட்டையாய்ச் செண்டுமல்லி இறங்கும். தலைச்சுமைக்காரர் குரல் கொடுத்தால் ஒதுங்கிவிட வேண்டும், ஒதுங்காதவர் பூவோடு பூவாகப் போய்விடுவார்.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை. கட்டின பூ இங்கும் முழக்கணக்குதான், அளப்பது விற்பவரின் கை. ஆகவே பூவைப் பார்ப்பதற்கு முன் கையின் நீளத்தைப் பாருங்கள். வரலட்சுமி விரதத்துக்கு முந்தின நாள் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம். அன்று கனகாம்பரம் கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். எவ்வளவு நீளக் கைக்காரம்மாவும் முழங்கையை மடக்கித்தான் அளப்பார்.