டாக்டர், கொஞ்சம் வந்து நரம்பு பிடியுங்கள்

அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு இளகிய மனசு. மரண தண்டனைக்கு மின்சார நாற்காலி வேண்டாம், மென்மையாகக் கொல்ல ஒரு வழி சொல்லுங்கள் என்று மருத்துவச் சங்கத்தைக் கேட்டார். ஆளை விடுங்கள் என்றது சங்கம். கடைசியில் 1977இல் வழி சொன்னவர் ஜே சாப்மன், மாநிலத்தின் தலைமைப் பிணப் பரிசோதகர். அவரிடம் வந்தவர்கள் எல்லாரும் வரும்போதே உயிர் போனவர்கள். "வலிக்கிறதா?" என்று யாரையும் கேட்டே பழக்கமில்லாத டாக்டர். இந்த வேலைக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் ஏது?

அவர் எழுதிக் கொடுத்தது மூன்று ஊசி. முதலில் தயோபென்டால், தூங்கவைக்கும். கடைசியில் பொட்டாசியம் குளோரைடு, இதயத்தை நிறுத்தும். நடுவில் பான்குரோனியம் எதற்கு? அது தசைகளை முடக்கும். வலியைத் தொடவே தொடாது. முதல் மருந்து சரியாக ஏறாவிட்டால், ஆள் மூச்சுத் திணறி, உடம்பெல்லாம் தீயாக எரிய, விரல்கூட அசைக்க முடியாமல் கிடப்பான். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களுக்கு, பாவம், நிம்மதியாகத் தூங்குகிறான் என்று தோன்றும். ஆக, மூன்றில் ஒரு மருந்து பார்வையாளர்களுக்காக. டென்னசி மாநிலம் 2001இல் நாய், பூனைகளைக் கொல்ல இந்த வகை மருந்து கூடாது என்று சட்டமே போட்டது. மனிதர்களுக்கான பட்டியலில் மட்டும் அது பத்திரமாக இருந்தது. அங்கே சாவதென்றால் நாயாகப் பிறந்திருக்க வேண்டும்.

கொல்லும் அறையில் டாக்டருக்கு வேலையில்லை என்று அமெரிக்க மருத்துவச் சங்கம் 1980லேயே சொல்லிவிட்டது. பிற்பாடு விவரமாகவும் எழுதியது: ஊசி போடக் கூடாது, நாடி பார்க்கக் கூடாது, யோசனைகூடச் சொல்லக் கூடாது. நல்ல நெறிதான். ஆனால் சங்கத்தின் நெறி சட்டமில்லையே. அதனால் வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். மிசௌரியில் வந்தவர் ஓர் அறுவை மருத்துவர். எண்கள் தனக்கு மாறிப்போகும் என்று 2006இல் அவரே நீதிமன்றத்தில் சொன்னார். 5 கிராம் போக வேண்டிய மயக்க மருந்து 2.5 கிராம் போயிருக்கிறது. எழுதிவைத்த விதிமுறை என்று ஒன்றுமே இல்லை. அந்தக் குறைபாடு அவர் தப்பில்லை. அளவு சொல்லும் பொறுப்பை அவர் தலையில் கட்டிய அரசாங்கத்துக்கு எந்தக் குறைபாடு என்றுதான் தெரியவில்லை.

தகுதியுள்ள மயக்க மருந்து நிபுணரைக் கொண்டுவாருங்கள் என்றார் நீதிபதி. மாநிலம் 298 பேருக்குக் கடிதம் போட்டது. ஒருவரும் வரவில்லை. இதற்கெல்லாம் அரசாங்கம் மனம் தளருமா? 2007இல் புதுச் சட்டம் வந்தது: கொல்லும் குழுவில் இருப்பவர் பெயரை வெளியே சொல்லக் கூடாது, சொன்னவர் மேல் வழக்குப் போட்டு நஷ்டஈடு வாங்கலாம், மருத்துவ வாரியம் குழுவினர் உரிமத்தில் கை வைக்கக் கூடாது. டாக்டரின் மனசாட்சிதான் இடைஞ்சல் என்றால் அவருக்கு முகமூடி மாட்டிவிட்டால் போயிற்று.

ஒஹையோவுக்கு வருவோம். 2009 செப்டம்பர். ரோமெல் ப்ரூம், 14 வயதுச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றவன். அவனுக்காக யாரும் அழ வேண்டாம். இரண்டு மணி நேரம் அவன் கையிலும் காலிலும் நரம்பு தேடினார்கள். 18 குத்து. ஒருகட்டத்தில் அவனே ஒருக்களித்துப் படுத்து, ரப்பர் குழாயை மேலே தள்ளி, விரல்களை மடக்கி நீட்டி ஒத்தாசை செய்தான். குழுவிலேயே இல்லாத சிறை டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் பாதத்தில் குத்திய ஊசி எலும்பில் போய் இடித்தது. "இன்று போய், பிறகு வா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுபடி கொல்லலாமா என்று வழக்கு நடந்தது. தாராளமாக, என்றது 2016இல் மாநில உச்ச நீதிமன்றம். விஷம் உள்ளே போகவில்லையாம்; ஆகவே தண்டனை தொடங்கவே இல்லையாம். அந்த 18 குத்தும் எந்தக் கணக்கு? ரத்த தானமா? ப்ரூம் 2020இல் சிறையிலேயே செத்தான். சிறைத்துறை அதைக் கோவிட் கணக்கில் சேர்த்தது.

மருந்து வாங்கிய கதை தனி. மருந்துக் கம்பெனிகள் கையை விரித்ததும், லண்டனில் டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில் கடை வைத்திருந்தவரிடம் சில மாநிலங்கள் வாங்கின. நெப்ராஸ்கா 2015இல் கொல்கத்தா வியாபாரி ஒருவருக்கு 54,400 டாலர் கட்டியது. சரக்கை நாட்டுக்குள் விட மத்திய அரசு மறுத்தது. பணம் போனது போனதுதான்.

அதே 2015இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு முத்து உதிர்த்தது. இந்த ஊசி கொடுமை என்று கைதி சொன்னால், இதைவிட நல்ல வழி எது, கைக்கெட்டுவது எது என்று கைதியே காட்ட வேண்டுமாம். சாப்மனுக்காவது மருத்துவப் பட்டம் இருந்தது.

இந்த லட்சணத்தைப் பார்த்த பிறகும் நம்மூரில் ஆசை விடவில்லை. 2003இல் சட்ட ஆணையம் தன் 187ஆவது அறிக்கையில் ஊசிக்குச் சிபாரிசு செய்தது. தூக்குக் கயிறு கொடூரம், ஊசி மேல் என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. 2023இல் நிபுணர் குழு போடலாம், எய்ம்ஸ் டாக்டர்களையும் சேர்க்கலாம் என்று நீதிபதிகள் பேசினார்கள். இப்போதே தூக்கு மேடையில் உயிர் போய்விட்டது என்று சிறை டாக்டர் சொன்ன பிறகுதான் உடலை இறக்குகிறார்கள். ஊசி வந்தால் உயிர் போவதற்கு முன்பே டாக்டர் உள்ளே இருக்க வேண்டும். குழுவில் உட்காரப்போகும் பெரிய டாக்டர்களே, நரம்பு பிடிக்க எந்த மாணவனை அனுப்புவீர்கள்? பெயரைச் சொல்லுங்கள்.