ஏழு தட்டில் எஞ்சினியர்

கேள்வி: கொம்தாரில் புது ஆண்ட்ராய்டு போன் வாங்கினேன். வேகமாக ஓட 'கிளீனர்' செயலி போடச் சொல்கிறான் மகன். போடலாமா?
– ஜார்ஜ் டவுன் வாசகர்

பதில்: வேண்டாம். நினைவகத்தைப் பார்த்துக்கொள்ள ஆண்ட்ராய்டுக்கே தெரியும். அது தயாராக வைத்திருக்கும் செயலிகளைக் கிளீனர் விரட்டும்; நீங்கள் மறுபடி திறக்கும்போது எல்லாம் முதலிலிருந்து கிளம்பும், பேட்டரிதான் கரையும். நாசி கண்டாருக்கு எல்லாக் குழம்பையும் 'பஞ்சிர்' (வெள்ளம்) என்று ஊற்றினால் ருசி. போனில் எல்லாச் செயலியையும் ஊற்றினால் மூச்சுத் திணறல். கூடவே வந்த, தொடாத செயலிகளை நீக்குங்கள், நீங்காதவற்றை முடக்குங்கள்.

இன்னும் வேகம் வேண்டுமா? அமைப்புகளில் 'பில்ட் நம்பரை' ஏழு முறை தட்டுங்கள். "நீங்கள் இப்போது டெவலப்பர்" என்று போனே பட்டம் கொடுக்கும். (மகனுக்கு அதே பட்டம் வாங்க எத்தனை வருஷம், எத்தனை ரிங்கிட்!) அமைப்புகளில் புதிதாகத் தோன்றும் டெவலப்பர் பட்டியலில் மூன்று அனிமேஷன் அளவுகளையும் 0.5 ஆக்குங்கள். சில்லு மாறாது, ஆனால் திரை சட்டென்று திரும்பும்.

முக்கியமாக, தமிழில் தட்டெழுத உதவும் செல்லினம் செயலியைப் போடுங்கள். நம் மலேசியர் முத்து நெடுமாறன் 2005-லேயே கைப்பேசிக்குத் தமிழ் கொண்டுவந்தது அதன் வழியாகத்தான். அடுத்த கேள்வியையாவது தங்கிலீஷில் அனுப்பாதீர்கள். உங்கள் தங்கிலீஷ் கேள்வியைப் படித்து முடிக்க எனக்கே ஒரு கிளீனர் தேவைப்பட்டது.