சிட்டியார்

மடுல்சீமைப் பக்கம் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கும், கொழுந்து நிறுக்க ஒரு மடுவம் இருக்கும், ஒரு சிட்டியாரும் இருப்பார். கோயிலும் மடுவமும் இருந்த இடத்திலேயே இருக்கும். சிட்டியார் தீபாவளிக்கும் திருவிழாவுக்கும் வந்து போவார். இல்லையென்றால் ஒரேயடியாக வந்திறங்கி, "சும்மா ரெண்டு மாசம் இருந்துட்டுப் போகலாம்னு வந்தேன்" என்று வருடக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பார்.

கொழும்பு செட்டியார் தெருவில் ஒரு நகைக்கடையில் வேலை பார்த்தவர் எங்கள் தோட்டத்துச் சிட்டியார். செட்டியாராகும் அளவுக்குக் கையில் காசு சேரவில்லை. சிட்டியைப் பற்றிய பேச்சுத்தான் சேர்ந்தது. ஆகவே தோட்டம் யோசித்து இந்தப் பட்டத்தைக் கொடுத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை.

சிட்டியாரை அடையாளம் காணப் பசறை பஸ் நிலையமே போதும். மடுல்சீமை பஸ் புறப்படப் பத்து நிமிடம் சுணங்கினால் மற்றவர்கள் ஆளுக்கொரு கடலைச் சுருளை வாங்கிக்கொள்வார்கள். சிட்டியார் மணிக்கூட்டைப் பார்ப்பார். "டோஹாவுல மெட்ரோ ரயில் ஓடுதுங்க. ட்ரைவரே கிடையாது. ஆனா நிமிசம் தப்பாது" என்று பொதுவாக அறிவிப்பார். பக்கத்து சீட் அப்பாயி பாக்கை ஒதுக்கிக்கொண்டு, "ட்ரைவரு இல்லாட்டி நம்ம லயத்துக்கிட்ட யாருகிட்ட சாமி நிப்பாட்டச் சொல்றது?" என்று கேட்பாள். உலக நகரப் போக்குவரத்து பற்றிய விவாதம் பெரும்பாலும் இந்தக் கேள்வியோடு முடிந்துவிடும்.

மண்சரிவில்லாத நாளில் கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயிலில் பத்து மணி நேரம் பிடிக்கும். 1924இல் பதுளை வரை வந்த தண்டவாளம், இதற்கு மேல் முடியாது என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பிறகு பசறைக்கு ஒரு பஸ், மடுல்சீமைக்கு ஒரு பஸ், டிவிசனுக்கு ஒரு ஓட்டோ, கடைசியில் நடை. இத்தனை தூரம் வந்தும் சிட்டியாருக்கு மூச்சு வாங்காது, பேச்சுத்தான் வரும்.

அவருடைய மேடை சந்தித் தேநீர்க்கடை. ஒருநாள் மாலை அங்கே கொழும்பின் சிறப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. "ராத்திரி பன்னெண்டு மணிக்கும் கொத்து போடுற சத்தம் கேக்கும். வெள்ளவத்தையில இல்லாத சாமானே கிடையாது. தாமரைக் கோபுரம் இருக்கே, முந்நூத்தம்பது மீட்டர் உசரம். மேல நின்னு பாத்தா கடல் வரைக்கும் தெரியும்."

மூலையில் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த ஓய்வுபெற்ற கங்காணித் தாத்தா தலையைத் தூக்கினார். "அதுக்கு டிக்கெட்டு இருக்கா?"

"பின்ன? டிக்கெட் இல்லாமலா?"

"நாம இப்ப உக்காந்திருக்கிறது அதை விட உசரமப்பா. நான் இன்னும் யாருக்கும் காசு குடுக்கல."

சிட்டியார் அசரமாட்டார். உசரத்தில் தோற்றால் வெளிச்சத்துக்குப் போவார், அதிலும் தோற்றால் கடைகளுக்குப் போவார். ஆமர் வீதி அரை மணி நேர மழைக்கே குளமாகிவிடுவதை மட்டும் சொல்லமாட்டார். அதைச் சொல்வதற்கு வேறு ஊர் வைத்திருக்கிறார்.

கொழும்பில், கொட்டாஞ்சேனைப் போடிங்கில் அவரைப் பார்த்தால் உங்களுக்கே சந்தேகம் வந்துவிடும். முகம் அதேதான், பேச்சுத்தான் தலைகீழ். "இதெல்லாம் ஒரு ஊருங்களா? நம்ம மடுல்சீமையில பீலித் தண்ணியில தலைய நனைச்சா ஒரு வாரத்துக்கு மண்டை குளுகுளுன்னு இருக்கும். ஆடி, ஆவணியில கச்சான் காத்து வீசும் பாருங்க, அப்ப வாற ஊவாத் தேயிலை வாசத்துக்கு வெள்ளைக்காரன் ஏலத்துல அடிச்சுக்குவான். இங்க கடையில குடுக்கிறது தேத்தண்ணியா? தூளைக் கழுவின தண்ணி." அறையிலிருக்கும் மற்ற ஐந்து பேரும் ஆமோதிப்பார்கள். ஒருவர் லுணுகலை, ஒருவர் அப்புத்தளை, ஒருவர் தெமோதரை. எல்லோருமே அவரவர் தோட்டத்துச் சிட்டியார்கள்.

சிட்டியார் டோஹாவுக்குப் போனதும் கொழும்புக்கு அடித்தது யோகம். 2022 உலகக் கோப்பைக்காக நகரமே எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. கோடையில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் மூன்றரை வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டமே போடவேண்டிய ஊர். அங்கே ஏசி பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அவர் நினைத்ததெல்லாம் காலிமுகத்திடல் காற்றும் இறால் வடையும். "கொழும்பு மாதிரி வராதுப்பா" என்று வீடியோ கோலில் பெருமூச்சு விட்டார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், மூன்று வருடத்துக்கு முன்னால் அதே கொழும்பைத் தூளைக் கழுவின ஊர் என்று அவர் ஏசக் கேட்டவர்கள்.

சென்னைக்கும் அவர் போயிருக்கிறார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் ஆட்களை இரண்டு அரசாங்கங்கள் பங்கு போட்டுக்கொண்டபோது, அவருடைய பெரியப்பா குடும்பம் கப்பலேறிக் கூடலூர்ப் பக்கம் போனது. அங்கேயும் தேயிலைதான், கொழுந்துக் கூடைதான். அந்தக் குடும்பத்தில் ஒரு பெண்ணைச் சென்னையில் கட்டிக்கொடுத்தார்கள். சிட்டியார் கல்யாண வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது 2019 ஜூலையில். ஏரிகளெல்லாம் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த மாதம். விருந்தாளிக்கு ஒரு வாளித் தண்ணீரும் "பாத்துக் குளிங்க" என்ற புன்னகையும் கிடைத்தன.

"நம்ம ஊருல தண்ணி இருக்கு, ரயில் வரல. அங்க தண்ணியே ரயில்ல வருது" என்று திரும்பி வந்து சொன்னார். அவர் சொன்னதில் தோட்டம் முழு மனதோடு ஒத்துக்கொண்டது இது ஒன்றைத்தான். சென்னையில் இருந்த நாளெல்லாம் அவர் டோஹாவைப் புகழ்ந்தார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. கடலைக் குடிநீராக்கிக் குழாயில் விடும் பாலைவனத்தைப் பற்றி அந்தக் குடும்பம் மூன்று வேளையும் கேட்டது.

ஊரை ஊரோடு நிறுத்துப் பார்க்கும் இந்த வேலையைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். எக்கனமிஸ்ட் பத்திரிகைக் குழுமத்தின் ஆய்வுப் பிரிவு ஒன்று, வருடாவருடம் 173 நகரங்களை எடுத்து, ஸ்திரத்தன்மை, சுகாதாரம், பண்பாடும் சுற்றாடலும், கல்வி, உட்கட்டமைப்பு என்று ஐந்து தலைப்பில் புள்ளி போடுகிறது. 2011 முதல் ஏழு வருடம் மெல்பேர்ன் முதலிடத்தை விடவேயில்லை. 2022 முதல் மூன்று வருடம் வியன்னா. 2025இல் கொப்பன்ஹேகன். வெளிநாட்டு நகரங்களுக்கு அனுப்பும் உத்தியோகத்தர்களுக்குக் கஷ்டப்படி எவ்வளவு கொடுக்கலாம் என்று கம்பனிகள் கணக்குப் பார்ப்பதற்கும் இந்தப் பட்டியல் உதவுகிறது.

தோட்டப் பாடசாலை மாஸ்டர் ஒருவர் தேநீர்க்கடையில் இதை விளக்கியபோது சிட்டியார் கவனமாகக் கேட்டார். "கஷ்டப்படியா? நமக்குக் கஷ்டத்த மட்டும் குடுத்தானுக மாஸ்டர். படிய மறந்துட்டானுக" என்றார்.

அவரிடமும் ஐந்து தலைப்பு உண்டு. குளிக்கத் தண்ணீர் வருமா? விடியற்காலையில் கக்கூஸுக்கு முன்னால் எத்தனை பேர் நிற்பார்கள்? சோத்துப் பார்சல் என்ன விலை, அதில் மீன் துண்டு கண்ணுக்குத் தெரியுமா? வீட்டுக்குப் பேச சிக்னல் இருக்குமா? சாவு வீட்டுக்குப் போகக் கேட்டால் லீவு கிடைக்குமா? இந்த ஐந்தில் வியன்னா எத்தனை புள்ளி எடுக்கும் என்பதை இதுவரை யாரும் சோதித்ததில்லை.

சிட்டியாருக்கு நேர் எதிர்ச் சாதி ஒன்று உண்டு. அவர்கள் பெண்கள். எங்கள் லயத்தில் குவைத் அக்கா என்று ஒருவர். ஆறு வருடம் அங்கே வீட்டு வேலை. அவர் வாயிலிருந்து குவைத் பற்றி ஒரு வார்த்தை வராது. சிட்டியார் ஒருநாள் விடாமல் கேட்டார்: "ஏன்க்கா, குவைத்து எப்பிடி, கட்டாரு எப்பிடி? எது தேவலாம்?"

அக்கா ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே சொன்னார்: "நான் குவைத்தப் பாக்கல தம்பி. குசினியத்தான் பாத்தேன். குசினி பெரிசு."

அன்றைக்கு மட்டும் சிட்டியார் வேறு ஊரை இழுக்கவில்லை.

அவருக்கு வந்த பெரிய சோதனை, கொழும்பிலிருந்தே வந்தது. மடுல்சீமையில் 'சின்ன உலக முடிவு' என்று ஒரு மலை விளிம்பு இருக்கிறது. கீழே பள்ளத்தில் சமவெளி விரிந்து கிடக்கும். வார இறுதியில் கொழும்புப் பிள்ளைகள் கூடாரமும் முதுகுப் பையுமாக வந்து, இராத்திரி முழுக்கக் குளிரில் நடுங்கி, காலையில் சூரியோதயத்தைப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அப்படி வந்த ஒரு பையன் தேநீர்க்கடையில் கையைச் சூடாக்கிக்கொண்டு சிட்டியாரிடம் சொன்னான்: "அங்கிள், நீங்க எல்லாம் குடுத்து வச்சவங்க. கொழும்பு மனுசர் வாழுற இடமில்ல. இங்க ஒரு ரூம் எடுத்து இருந்திரலாம் போல இருக்கு."

சிட்டியார் திகைத்துப்போனார். கொழும்பில் வைத்துத் தான் சொல்லவேண்டிய வசனத்தை இன்னொருவன் மடுல்சீமையில் வைத்துச் சொல்கிறான். ஆமென்றால் தோட்டத்தில் மரியாதை போய்விடும். இல்லையென்றால் சொந்த ஊரைத் தாழ்த்தியதாகிவிடும். தொண்டையைச் செருமினார்.

"சூரியன் இங்க தெனம் உதிக்குது தம்பி. உதிக்கும்போது நாங்க பெரட்டுக்களத்துல பேர் குடுத்துக்கிட்டு நிப்போம். நீங்க பாத்தது ஞாயித்துக்கிழமைச் சூரியன். கடும் மழை வந்தா இந்த ரோட்டுல வண்டி வராது. ராத்திரியில யாருக்காச்சும் நெஞ்சு வலிச்சா பதுளை பெரியாஸ்பத்திரிக்குத்தான் போகணும். போய்ச் சேர்ற வரைக்கும் நெஞ்சு பொறுத்துக்கணும். ரூம் எடுக்கிறேன்றீங்க. லயத்துல ரூம் இல்ல, காம்பரா. பத்தடிக்குப் பன்னெண்டடி. அதுல ஏற்கனவே ஏழு பேரு."

பையன் தேநீருக்குக் காசு கொடுத்துவிட்டுப் போனான். கங்காணித் தாத்தா மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏன்டா, கொழும்புல நீ எங்க படுத்திருந்த?"

"போடிங்ல. ஒரு அறையில ஆறு பேரு."

"கட்டார்ல?"

"சனையாவுல. அதான், கம்பனிக்காரன் எங்கள வச்சிருந்த இடம். ரெண்டு தட்டுக் கட்டில். எனக்கு மேல் தட்டு."

"மெட்ராசுல?"

"மொட்டை மாடியில."

"அப்ப நீ எந்த ஊருக்குடா போன? காம்பராவத்தான் மாத்தி மாத்திப் பாத்துட்டு வந்திருக்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிட்டியாரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக. தாத்தா சொன்னதில் தப்பில்லை. சிட்டியார்கள் ஊர் பார்க்கக் கிளம்பியவர்கள் அல்லர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் என்று வர்த்தமானியில் வருவதற்கே வருடக்கணக்கில் சத்தம் போடவேண்டியிருந்த தோட்டத்திலிருந்து கிளம்பியவர்கள். போன ஊரெல்லாம் அவர்களுக்குக் கட்டில் கொடுத்தது, கதவிலக்கம் கொடுக்கவில்லை. தோட்டத்திலும் பலருக்கு அந்த இலக்கம் இல்லை. தபால் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து வரும்போது வரும். கொழும்பில் அவரைப் பதுளை என்பார்கள், கட்டாரில் இந்தியாவா என்று கேட்பார்கள், சென்னையில் சிலோன்காரர், மடுல்சீமைக்கு வந்தால் கொழும்புக்காரர். எந்த ஊரும் தன்னுடையதென்று ஏற்காத மனிதர் எல்லா ஊருக்கும் நீதிபதியாக இருப்பதில் ஒரு வசதி உண்டு. யாருக்கும் பக்கம் சாயத் தேவையில்லை. ஆனால் சிட்டியார் சாய்வார். எப்போதும் தூரத்திலிருக்கும் ஊரின் பக்கம்.

இப்போது அவருக்கு ஒரு புது விவகாரம் வந்திருக்கிறது. தோட்டக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஏழு பேர்ச் காணியும் தனி வீடும் என்ற பேச்சு பல வருடமாக நடக்கிறது. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மோடி மலையகத்துக்குப் பத்தாயிரம் வீடுகள் என்று அறிவித்தார். அன்றிலிருந்து எங்கள் டிவிசனில் அந்தப் பத்தாயிரத்தில் ஒன்று எந்த மலைமேட்டில் வரும் என்று தேநீர்க்கடையில் பல தடவை தீர்மானமாகிவிட்டது. போன மாதம் பெயர் எழுத வந்தார்கள். சிட்டியாரின் பெயரும் எழுதப்பட்டது.

அன்று மாலை அவர் கடைக்குள் வந்த நடையே வேறு. பென்சில் கேட்டு வாங்கினார். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார்.

"ஏழு பேர்ச், தாத்தா. வெள்ளவத்தையில ஒரு பேர்ச் என்னா விலை போகுதுன்னு தெரியுமா? அதை ஏழால பெருக்கிப் பாருங்க. நான் இப்பக் கோடீஸ்வரன்."

"நல்லதாப் போச்சு" என்றார் தாத்தா. "உறுதி கைக்கு வந்ததும் இதை வித்துட்டு அங்கயே வாங்கிட்டுப் போ."

சிட்டியார் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு தாத்தாவைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொழும்புலயா? அங்க மனுசன் இருப்பானா தாத்தா? கட்டார்ல ஏழு பேர்ச் குடுத்தான்னா சொல்லுங்க, யோசிப்போம்."